புதியவரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது?

குமரி மாவட்டத்து வங்கிக் கிளைகளில் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் முகங்கள் மாறும். இடமாற்ற உத்தரவுகள் வரும். ஓய்வு பெறுகிறவருக்குச் சால்வை போர்த்துவார்கள். தேர்வெழுதித் தேறிய புதுப் பிள்ளைகள் நியமன ஆணையைப் பிடித்துக்கொண்டு மேலாளர் அறை வாசலில் நிற்பார்கள். அதே நாட்களில்தான் பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்காக நகைக்கடன் வரிசை வாசல் வரை நீளும். ஜூன் பிறந்தால் மழை வேறு. கரன்ட் போகும், நெட்வொர்க் போகும். சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இல்லாத மாதத்தில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் வந்து சேருகிறார்கள்.

அவர்களைப் பழக்கியெடுக்க வழக்கத்தில் சில வழிகள் உண்டு. நேரே கவுன்ட்டரில் உட்கார வைப்பது, பயிற்சி மையத்துக்கு அனுப்புவது, குறிப்பேடு கொடுப்பது, மேசை மேசையாகச் சுற்றவிடுவது, ஒருவரோடு ஒருவரைத் துணை சேர்ப்பது. இவற்றில் எதை எடுப்பது என்று ஒரு கிளை மேலாளர் கேட்டால் என்ன சொல்லலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வங்கியை வைத்துச் சொல்லக் காரணம், எனக்குத் தெரிந்த வேலை அது என்பதுதான். நாகர்கோவிலில் ஜவுளிக்கடையோ, ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவோ, மென்பொருள் அலுவலகமோ நடத்துகிறவர்கள் கவுன்ட்டர் என்று வரும் இடத்தில் தங்கள் மேசையைப் போட்டு வாசித்துக்கொள்ளலாம்.

இந்த வழிகளை ஒப்பிடும்போது எது சீக்கிரம் கற்றுக்கொடுக்கும் என்றுதான் பொதுவாகக் கேட்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்பேன்: இதன் செலவை யார் கொடுக்கிறார்? பணச் செலவைச் சொல்லவில்லை. நேரம், பொறுமை, தவறு நடந்தால் வரும் திட்டு, சாயங்காலம் விட்டுப்போகும் பஸ், எல்லாமே செலவுதான். எந்த வழியை எடுத்தாலும் இதை யாரோ ஒருவர் கொடுத்தே தீர வேண்டும். அவருக்கு அதற்கான நேரத்தை ஒதுக்கியிருக்கிறோமா, அல்லது ‘நீ பார்த்துக்கோ’ என்று தலையில் கட்டியிருக்கிறோமா என்பதில்தான் ஒரு வழி நன்றாக வருவதும் வராமல் போவதும் இருக்கிறது.

நேரே கவுன்ட்டர்

இதை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆள் பற்றாக்குறை தேர்ந்தெடுத்துவிடும். காலையில் சேர்ந்தவரைப் பன்னிரண்டு மணிக்குள் ஒரு கணினி முன்னால் உட்கார வைத்து, ‘பாஸ்புக் என்ட்ரி மட்டும் போடுங்க, சந்தேகம் இருந்தா கேளுங்க’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் தங்கள் வரிசையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கேட்கத்தான் ஆள் இருக்காது. கேட்டாலும், கேட்கப்பட்டவர் எதிரே நிற்கும் பத்துப் பேரைப் பார்த்துவிட்டு அரை வார்த்தையில் பதில் சொல்வார்.

வாதத்துக்கு இதன் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வேறு கிளையில் காசாளராக இருந்து மாற்றலாகி வந்தவருக்கு இது போதும். மென்பொருள் ஒன்று, படிவங்கள் ஒன்று, ரூபாய் நோட்டும் ஒன்று. கை தானாக ஓடும். சிலருக்கு வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், வரிசையைப் பார்த்தால்தான் மூளை விழிக்கும். அவர்களுக்கும் சரி.

ஆனால் முதல் வேலைக்கு வந்த பிள்ளைக்கு இது ஆபத்தான வழி. பணக் கவுன்ட்டரில் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ரொக்கம் குறைந்தால், அங்கே உட்கார்ந்தவர்தான் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். ஐந்நூறு ரூபாய்க் கட்டில் ஒரு தாள் கூடப் போனாலும் அதே கதை. முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்பே வீட்டில் சொல்லி ஜிபேயில் பணம் வரவழைத்துக் கட்டுகிற பிள்ளைகள் உண்டு. இந்த வழியின் செலவு முழுவதும் புதியவர் தலையில்.

அதைவிட மோசமான ஒன்று அவசரத்தில் நடக்கிறது. வங்கி வேலையில் பதிவு செய்பவர் ஒருவர், அதைச் சரிபார்த்து அனுமதிப்பவர் இன்னொருவர். இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. வரிசை நீளும்போது, ‘என் ஐடியிலயே போட்டு விடு, நான் அப்புறம் பார்க்கிறேன்’ என்று ஒருவர் கடவுச்சொல்லைச் சொல்லிக்கொடுத்தால், புதியவர் அன்று கற்றுக்கொள்வது பாஸ்புக் என்ட்ரியை அல்ல. இந்த இடத்தில் விதியெல்லாம் சும்மா என்பதை. முதல் வாரத்தில் படிந்த பழக்கத்தை எந்தச் சுற்றறிக்கையாலும் பிறகு கழற்ற முடியாது.

பயிற்சி மையம்

ஜான் வான் மானென், எட்கர் ஷைன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறுவனங்கள் புதியவரை உள்ளே எடுக்கும் விதங்களை ஆறு ஜோடிகளாகப் பிரித்தார்கள். கூட்டமாகவா தனியாகவா, வகுப்பிலா வேலையிலா, படிப்படியாகவா கலந்தா, கால அட்டவணையோடா இல்லாமலா, முன்னால் போனவர் ஒருவர் வழிகாட்டியாக இருக்கிறாரா இல்லையா, வந்தவரின் இயல்பை ஏற்றுக்கொள்வதா அதை உரித்துவிட்டுப் புது ஆளாக ஆக்குவதா. இன்றைக்கும் பேசப்படும் பிரிவு அது. நம் ஊரில் வழிகளை ஒப்பிடும்போது அதில் எனக்குப் பயன்படுவது ஒரு விஷயம்: இவை தனித்தனித் திருகுகள். வகுப்புக்கு அனுப்பிவிட்டால் வழிகாட்டி தேவையில்லை என்று ஆகிவிடாது. பல மேலாளர்கள் இரண்டையும் ஒரே திருகு என்று நினைக்கிறார்கள்.

வகுப்பு எதைச் சொல்லிக்கொடுக்குமோ அதை நன்றாகவே சொல்லிக்கொடுக்கும். வாடிக்கையாளர் அடையாள விதிகள், பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் எண், அது இல்லாதவர் கொடுக்க வேண்டிய படிவம், போலி நோட்டு வந்தால் என்ன செய்வது, மென்பொருளின் குறுக்குவழிகள், எல்லாம் அங்கே கிடைக்கும். இன்னொரு வரவும் உண்டு. ஒரே தொகுதியில் இருந்த முப்பது பேர் ஆளுக்கொரு மூலைக்குப் போனாலும் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். மேலாளரிடம் கேட்க வெட்கப்படும் கேள்வியை அந்தக் குழுவில் கேட்பார்கள். செலவையும் தலைமை அலுவலகம் கொடுத்துவிடுகிறது. அதனால் கிளைக்கு இது சுகமான வழி.

ஆனால் விளவங்கோடு தாலுகாவை எந்தப் பயிற்சி மையத்திலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. வீட்டுக்கடனுக்கு வருகிறவர் கொண்டுவரும் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும், தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். பத்திரத்தில் 1115 என்று பார்த்துவிட்டு, இது என்ன கணக்கு என்று சென்னையிலிருந்து வந்த கடன் அலுவலர் விழித்துக்கொண்டு நிற்பார். 825-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் முன்னே பின்னே வரும், 1939 அல்லது 1940 என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால் அரை நிமிட வேலை. சொல்ல ஆளில்லை என்றால் கோப்பு மேசையில் கிடக்கும்.

முகவரியும் அப்படித்தான். தெருப் பெயர், கதவு எண் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. விளை என்று முடியும் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும், ஒரே பெயரில் இரண்டு விளைகள்கூட இருக்கும். வீட்டுப் பெயரும் அஞ்சலகமும் சேர்ந்தால்தான் ஆளைப் பிடிக்கலாம். கடற்கரைக் கிளை என்றால் மீன்பிடித் தடைக்காலம் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம்: சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தவணை ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கு விடை அந்தத் தேதிகளில் இருக்கிறது. குலசேகரம் பக்கம் மழை நின்றால்தான் ரப்பர்ப் பால் வெட்டு சீராக நடக்கும், கணக்கில் பணம் ஏறும்.

அப்புறம் உள்ளூர் விடுமுறை. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காடு கொடை, ஓணம் என்று ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் விடுமுறை இல்லை என்பதால் வங்கி திறந்திருக்கும். பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் மூடியிருக்கும். புதிதாக வந்தவர் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டால், முதல் மாதத்திலேயே வராத நாள் என்று பெயராகிவிடும். திருவிழா நாளில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர்களின் மனநிலை எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

குறிப்பேடு

மேலே சொன்னதையெல்லாம் எழுதி வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம். மலிவானது, யார் நேரத்தையும் தின்னாது. ஆனால் யாரும் அதைப் புதுப்பிப்பதில்லை. மாற்றலாகிப் போன மேலாளரின் கைபேசி எண்ணோடு, எப்போதோ மூடப்பட்ட ஏடிஎம் பற்றிய குறிப்போடு அலமாரியில் இருக்கும். குறிப்பேடு வேண்டும் என்றால் அதைப் புதியவர் கையில் கொடுத்து எழுதச் சொல்வது ஒன்றுதான் உருப்படியான வழி. தனக்கு எது தெரியவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்த வருடம் வருகிறவருக்கு அது உதவும்.

மேசை மேசையாக

சேமிப்புக் கணக்கில் இரண்டு வாரம், நகைக்கடனில் இரண்டு வாரம், கடன் பிரிவில் இரண்டு வாரம், அப்புறம் பணக் கவுன்ட்டர் என்று சுற்றவிடுவது. காகிதத்தில் பார்க்க அழகான திட்டம். அலுவலர் பதவிக்கு வந்தவர்களுக்கு இரண்டு வருடத் தகுதிகாண் காலம் இருப்பதால் சுற்றுவதற்கு நாளும் இருக்கிறது. நகைக்கடன் மேசையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு, மதிப்பீட்டாளர் உரசிப் பார்ப்பது முதல் பையில் போட்டு முத்திரையிட்டு இரண்டு சாவிக்காரர்கள் சேர்ந்து பெட்டகத்தில் வைப்பது வரை ஒரு வேலை எத்தனை கைகள் மாறுகிறது என்று புரியும். ‘பணயம் வைக்க வந்தேன்’ என்று ஒரு பாட்டி சொல்லும்போது யாரிடம் அனுப்ப வேண்டும் என்று பிறகு யோசிக்க வேண்டியிருக்காது.

நடப்பில் இதில் ஒரு ஓட்டை. ஒவ்வொரு மேசையிலும் இவர் விருந்தாளி. இரண்டு வாரத்தில் போய்விடப் போகிறவருக்கு யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்? ஜெராக்ஸ் எடுக்கச் சொல்வார்கள், கோப்பை அடுக்கச் சொல்வார்கள், ஆதார் நகலில் முத்திரை குத்தச் சொல்வார்கள். மூன்று மாதம் சுற்றி வந்தவருக்கு ஜெராக்ஸ் இயந்திரத்தில் தாள் சிக்கினால் எடுக்கத் தெரியும், கடன் விண்ணப்பத்தைப் படிக்கத் தெரியாது. செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வதாகத் திட்டம் சொல்கிறது. எல்லோருடையதும் என்றால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

இந்த வழியைக் காப்பாற்ற ஒரு சின்னத் திருத்தம் போதும். ஒவ்வொரு மேசையை விட்டுப் போவதற்கு முன்பும் அந்த மேசையின் ஒரு முழு வேலையை, ஆரம்பம் முதல் கடைசி வரை, அவரே செய்து முடிக்க வேண்டும். ஒரு கணக்குத் தொடங்குவது, ஒரு நகைக்கடனை முடித்து நகையைத் திருப்பிக் கொடுப்பது. அந்த மேசைக்காரர் ‘ஆமாம், செய்தார்’ என்று சொன்னால் அடுத்த மேசை. அப்போது மேசைக்காரருக்கும் கொஞ்சம் பொறுப்பு வந்துவிடும்.

ஒருவரோடு ஒருவர்

எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆகவே இதைச் சந்தேகத்தோடும் பார்க்க வேண்டும். புதியவருக்கு ஒரு துணையைக் காட்டி, இன்ன நாள் வரை எதுவானாலும் இவரிடம் கேள் என்று சொல்வது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இப்படித் துணை சேர்த்துப் பார்த்த அனுபவம் 2019-இல் வெளிவந்தது. முதல் 90 நாளில் துணையை ஒரு முறை சந்தித்தவர்களில் 56 சதவீதம் பேர், வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ள அது உதவியது என்றார்கள். இரண்டு மூன்று முறை சந்தித்தவர்களில் 73 சதவீதம், நான்கிலிருந்து எட்டு முறை என்றால் 86, எட்டுக்கும் மேல் என்றால் 97. இவை புதியவர்கள் தாங்களே சொன்ன மதிப்பு. மனம் ஒத்துப்போனவர்கள் அடிக்கடி சந்திப்பார்கள், சந்தித்தவர்கள் நன்றாக இருந்தது என்பார்கள், ஆகவே எது காரணம் எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவு. துணையை நியமித்தாயிற்று என்று ஆணைப் புத்தகத்தில் எழுதுவதால் ஒன்றும் நடப்பதில்லை. உட்கார்ந்து பேசிய எண்ணிக்கைதான் கணக்கு.

உட்கார்ந்து பேச நேரம் எங்கே? இங்கேதான் பெரும்பாலான கிளைகளில் இந்த வழி உடைகிறது. துணையாகப் போட்டவரின் வேலை ஒரு படிவம்கூடக் குறையாது. பகலில் தன் வரிசை, நான்கு மணிக்கு மேல் புதியவரின் சந்தேகங்கள், அதற்கப்புறம் தன் நாள்முடிப்பு. குலசேகரம் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் நிற்பார். இரண்டாவது வாரம் அவர் முகத்தில் அது தெரியும். புதியவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்திவிடுவார். எல்லோரும் ‘அவன் பிடிச்சுக்கிட்டான், இப்ப கேள்வியே கேக்கறதில்ல’ என்பார்கள்.

ஆகவே துணையைப் போடும் மேலாளர் அவரிடமிருந்து எதையாவது எடுக்க வேண்டும். காசோலைக் கட்டு, டெபாசிட் புதுப்பிப்பு, ஏடிஎம்மில் பணம் நிரப்பும் பொறுப்பு, ஏதாவது ஒன்றை முதல் மூன்று வாரத்துக்கு இன்னொருவருக்கு மாற்ற வேண்டும். அதைக் கிளை முழுவதற்கும் தெரியும்படி சொல்லவும் வேண்டும், இல்லையென்றால் மற்றவர்கள் கண்ணில் அவர் வேலையைக் கழற்றிவிட்டவர் ஆவார். எதையும் எடுக்க முடியாத கிளை என்றால், துணை போடுகிறோம் என்று பாவனை செய்வதைவிட மேசை சுற்றும் வழியே நாணயமானது.

அடுத்தது, யாரைப் போடுவது. கிளையிலேயே கெட்டிக்காரரைப் போடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருபது வருடம் அந்த வேலையைச் செய்தவரின் கை வாயை முந்திக்கொண்டு ஓடும். ‘இதை அழுத்து, அதை அழுத்து, அவ்வளவுதான்’ என்பார். தனக்கு ஒரு காலத்தில் எது புரியாமல் இருந்தது என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். ஒன்று இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்தவர்தான் சரியான ஆள். எந்தக் கேள்வியைக் கேட்கத் தான் வெட்கப்பட்டோம் என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கும். பெட்டகச் சாவி, பெரிய கடன் போன்ற விஷயங்களுக்கு மட்டும் மூத்தவரிடம் அனுப்பினால் போதும்.

புதியவரைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர் துணையாக இருக்கக் கூடாது. பணி உறுதிக்கான குறிப்பில் தன் முட்டாள் கேள்விகள் ஏறிவிடும் என்று பயந்தால் யார் வாய் திறப்பார்? துணையிடம் ‘பையன் எப்படி?’ என்று மேலாளர் ரகசியமாக விசாரிப்பதும் அதே தவறுதான். விசாரிக்க ஆசை வந்தால் புதியவரையே கூப்பிட்டுக் கேட்கலாம்.

வெளிமாநிலத்திலிருந்து வரும் அலுவலர் விஷயத்தில் இன்னொரு கண்ணி. எழுத்தர் பணிக்கு மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அலுவலர்களை நாட்டில் எங்கும் போடலாம். பீகாரிலிருந்தோ ஆந்திராவிலிருந்தோ ஒருவர் குழித்துறைக்கு வந்தால், கிளையில் இந்தி தெரிந்த ஒரே ஆளை அவருக்குத் துணையாகப் போடுவார்கள். பார்க்க நியாயம்தான். ஆனால் அந்தத் துணை ஒரு மாதத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். வாடிக்கையாளர் வந்தால் அவர் பேசுவார், இவர் தலையாட்டுவார். வருடம் போனாலும் ‘பைசா எடுக்கணும்’ என்று ஒரு அம்மா சொன்னால் படிவத்தை நீட்டத் தெரியாது. ஆங்கிலம் சுமாராகத் தெரிந்த, பொறுமையான ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்தால் இரண்டு பேரும் தட்டுத்தடுமாறிப் பேசுவார்கள், தமிழ் தானாக உள்ளே இறங்கும். இந்தி தெரிந்தவரை வாடகை வீடு, கேஸ் இணைப்பு போன்ற வெளிக் காரியங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் சாப்பாடு. கவுன்ட்டர் மூடக் கூடாது என்பதால் வங்கியில் முறை வைத்துத்தான் சாப்பிடுவார்கள். புதியவரைக் கடைசி முறையில் தள்ளிவிட்டால் தனியாகச் சாப்பிடுவார். கிளையின் பாதிச் செய்தி சாப்பாட்டு மேசையில்தான் பேசப்படுகிறது: யார் வாடிக்கையாளரிடம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும், எந்தக் கையெழுத்து அடிக்கடி மாறும், மண்டல அலுவலகத்தில் யாரைக் கேட்டால் வேலை நடக்கும். துணையும் புதியவரும் ஒரே முறையில் சாப்பிடும்படி அட்டவணையை மாற்றுவதற்குச் செலவே இல்லை. மீன்குழம்பு வாசனை ஒத்துக்கொள்ளாத சைவக்காரர் வந்தால் மேசையின் ஒரு ஓரத்தை விட்டுக்கொடுக்கலாம், தனி அறைக்கு அனுப்ப வேண்டாம்.

கிளை உதவியாளரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எந்தப் பட்டியலிலும் அவர் பயிற்சியாளர் இல்லை. ஆனால் எந்த விளையில் எந்த வீடு, அண்ணன் தம்பி வழக்கில் யார் யாரோடு பேசுவதில்லை, ஓய்வூதியக்காரர் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வரவில்லை என்றால் யார் வீட்டில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கும். புதியவரை முதல் வாரத்தில் அவரோடு வெளி வேலைக்கு ஒரு முறை அனுப்பினால் ஊர் முகம் தெரிந்துவிடும். ‘அண்ணே’ என்று கூப்பிடப் பழகிக்கொண்டவருக்கு அங்கே பாதி வேலை நடந்த மாதிரி.

மேலாளர் செய்ய வேண்டியது

எந்த வழியை எடுத்தாலும் மேலாளர் கைகழுவ முடியாது. கூகுளில் புதியவர் சேர்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மேலாளருக்கு ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போகும்படி வைத்திருந்ததாக அந்த நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் எழுதியிருக்கிறார். ஐந்தே வேலை: பொறுப்பு என்ன என்று பேசுங்கள், ஒரு துணையைச் சேருங்கள், நாலு பேரை அறிமுகப்படுத்துங்கள், ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள், மனம் விட்டுப் பேச இடம் கொடுங்கள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஞாபகப்படுத்தினால் செய்கிறார்கள் என்பதுதான் சேதி. நம் மேலாளர்களுக்கு மின்னஞ்சல் தேவையில்லை, மேசைக் காலண்டரில் ஒரு வட்டம் போதும்.

பெண் ஊழியர் சேர்ந்தால் இன்னொன்றும் உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்படித் தொடர்புகொள்வது என்பதை முதல் வாரத்திலேயே மேலாளர் சொல்லிவிட வேண்டும். ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்வது இன்னும் நல்லது.

எந்த ஆளுக்கு எது

உள்ளூர்ப் பிள்ளை, முதல் வேலை, அதுவும் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை: துணை கட்டாயம், ஆனால் அந்தத் துணை வேறு ஊர்க்காரராக இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு வரும் சோதனை மென்பொருளில் இல்லை. கவுன்ட்டருக்கு வெளியே நின்று, ‘மக்ளே, நம்ம தெக்கு வீட்டுக்காரனுக்கு எவ்வளவு கடன் கெடக்கு?’ என்று மாமா கேட்பார். முகத்தை முறிக்காமல் எப்படி மறுப்பது என்பதை, அதே ஊர்க்காரரான துணையால் சொல்லிக்கொடுக்க முடியாது. அவரே பாதி நேரம் சொல்லிவிடுகிறவராக இருப்பார்.

வெளிமாநில அலுவலருக்கு மேசை சுற்றும் வழியும் துணையும் சேர்ந்தே வேண்டும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவருக்கு மொழி ஒன்றுதானே என்று யாரும் எதுவும் செய்வதில்லை. மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சில் அவரும் முதல் மாதம் தடுமாறுகிறார், ஆனால் கேட்க மானம் விடாது. அவருக்கும் ஒரு துணையைப் போடுங்கள், பெயரை மட்டும் துணை என்று சொல்லாதீர்கள்.

அனுபவத்தோடு மாற்றலாகி வந்தவருக்கு நேரே கவுன்ட்டர் போதும் என்று முன்னால் சொன்னேன். வேலைக்குப் போதும். ‘எங்க பழைய கிளையில இப்படித்தான் செய்வோம்’ என்று அவர் சொல்லும்போது பிறர் முகம் சுளிப்பார்கள். ஒரு மாதம் அதைப் பொறுத்துக்கொண்டால் சில சமயம் நல்ல யோசனையும் வரும். ஒப்பந்தக் காவலாளி, துப்புரவுப் பணியாளர் வந்தால் எந்த வழியும் கிடையாது, பெயரைக்கூடக் கேட்பதில்லை. குறைந்தது எல்லோருக்கும் அறிமுகப்படுத்தி, சாப்பிட ஒரு இடம் காட்டலாம்.

ஆறு பேர் இருக்கும் கிளையில் முழுநாள் துணை என்பது கனவு. அங்கே காலையில் வரிசை தொடங்குவதற்கு முன் அரை மணி, நாள்முடிப்பில் கூட உட்கார்வது என்று இரண்டு நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, நடுவில் ரொக்கம் இல்லாத மேசையில் விடலாம். பணக் கவுன்ட்டரை முதல் மாதம் தொடவே விடாமல் இருந்தால் நல்லது. இருபது பேர் உள்ள நாகர்கோவில் கிளை என்றால் துணை, மேசைச் சுற்று இரண்டுமே நடக்கும். அங்கே ஆபத்து வேறு. கூட்டத்தில் புதியவர் காணாமல் போய்விடுவார், மூன்று மாதம் கழித்தும் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

துணையும் புதியவரும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டாவது வாரக் கடைசியில் மாற்றிவிட வேண்டும், மூன்று மாதம் இழுக்கக் கூடாது. அதைத் தனி முடிவாக அறிவித்தால் இரண்டு பேருக்கும் தலைகுனிவு. மேசை மாறும் நாளோடு சேர்த்துத் துணையையும் மாற்றினால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழைய துணையிடம் எடுத்த வேலையை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுத் துணையிடமிருந்து ஒரு வேலையை எடுக்க மறக்காமல் இருந்தால் சரி.